மதிலுக்கும் முற்றுகைக்கும் நடுவே

தமிழ் படித்தவனுக்குக் கோட்டை என்பது முதலில் சொற்களால் ஆனது. மதில், எயில், இஞ்சி, புரிசை, ஞாயில், கிடங்கு, மிளை என்று ஓர் அரணைச் சுற்றி எத்தனை சொற்கள்! புறத்திணை நடத்தத் தொடங்கிய நாளிலிருந்து இச்சொற்களைக் கரும்பலகையில் எழுதி, வட்டம் போட்டு, அம்புக்குறி இட்டு விளக்கி வந்திருக்கிறேன். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், மதுரை மதிலின் மேல் பொருத்தியிருந்த பொறிகளின் நீண்ட பட்டியல் ஒன்று உண்டு. தானே வளைந்து அம்பெய்யும் வில், கல்லெறியும் கவண் என்று தொடரும் அப்பட்டியலை மாணவர்களை மனப்பாடம் செய்யச் சொல்லி, தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவாகவும் கேட்டிருக்கிறேன். ஆனால் ஒரு கோட்டை எவ்வாறு எழுகிறது, எவ்வாறு விழுகிறது, விழும்போது யார் மேல் விழுகிறது என்பதைக் கண்ணால் கண்டு உணர்ந்தது பிரான்சு நாட்டின் கிராமப்புறத்தில்தான்.

2024ஆம் ஆண்டு அக்டோபரில் பாரிசின் புறநகரில் வசிக்கும் என் அக்காவின் வீட்டில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தேன். அக்காவின் கணவரை எங்கள் பக்கத்து வழக்கப்படி மாமா என்றே அழைப்பேன். அவருடையது பிரெஞ்சுக் குடியுரிமை கொண்ட புதுச்சேரிக் குடும்பம். ஊரில் 'சொல்தா' வீடு என்பார்கள். மாமாவும் பிரெஞ்சு ராணுவத்தில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். துப்பாக்கி தூக்கியதைவிட, படைமுகாம்களில் உணவுப் பொருள் கணக்குப் பார்த்த காலமே அதிகம் என்று அவரே சொல்வார்.

வந்த மறுநாளே என் விருப்பத்தை அவரிடம் சொன்னேன். "ஷாத்தோ பாக்கணுமா? அதுக்கு இங்க பஞ்சமா மச்சான்" என்று அவர் சிரித்தார். பிரெஞ்சு மொழியில் 'ஷாத்தோ' என்ற சொல் அரண்மனைக்கும் பொருந்தும், கோட்டைக்கும் பொருந்தும். லுவார் நதிக்கரையில் வரிசையாக நிற்கும் ஷாத்தோக்கள் பெரும்பாலும் பிற்கால மன்னர்களும் பிரபுக்களும் வேட்டைக்கும் விருந்துக்கும் அமைத்துக்கொண்ட மாளிகைகள். போருக்கென்றே எழுந்தவற்றை 'ஷாத்தோ ஃபோர்' என்று பிரித்துச் சொல்கிறார்கள். எனக்கு வேண்டியது மாளிகை அன்று, அரண். மாமா இரண்டு இடங்களைத் தேர்ந்தார். ஒன்று இப்போது கட்டப்பட்டுவருவது. மற்றொன்று எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வீழ்ந்தது.

இப்போது கட்டப்பட்டுவரும் இடைக்காலக் கோட்டை என்றதும் அவர் விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. பாரிசிலிருந்து தெற்கே இரண்டு மணி நேரப் பயணத்தில், பர்கண்டிப் பகுதியின் யோன் மாவட்டத்தில், கருவாலி மரங்கள் அடர்ந்த காட்டுக்குள் கைவிடப்பட்ட ஒரு கல்குவாரி இருந்தது. அங்கே 1997ஆம் ஆண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டின் முறைகளையும் கருவிகளையும் மட்டுமே கொண்டு ஒரு கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். அதன் பெயர் கெதலோன். மின்சாரம் இல்லை, பளு தூக்கும் எந்திரம் இல்லை, சிமெண்டு இல்லை. கல் அங்கேயே வெட்டப்படுகிறது. மரம் சுற்றியுள்ள காட்டிலிருந்து வருகிறது. சுண்ணாம்பும் மணலும் நீரும் கலந்த சாந்துதான் பிணைப்பு. குதிரை வண்டிகள் கல் சுமந்து போகின்றன.

நான் அதிக நேரம் நின்றது ஒரு பெரிய மரச்சக்கரத்தின் முன்னால். சக்கரத்தின் உள்ளே ஆள் நுழைந்து நடக்கிறான். அவன் நடக்க நடக்கச் சக்கரம் சுழன்று, கயிறு சுற்றி, நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள கல் மெதுவாக மதிலின் உச்சிக்கு ஏறுகிறது. இதை அணில் கூண்டு என்கிறார்கள். அருகே ஒரு கொத்தனார் பதின்மூன்று முடிச்சுகள் போட்ட கயிறு ஒன்றைத் தரையில் விரித்தார். முடிச்சுகளுக்கு இடையே பன்னிரண்டு சம அளவுகள். மூன்று, நான்கு, ஐந்து என்று அதை மடக்கி இழுத்தால் பிசகில்லாத செங்கோணம் கிடைத்துவிடுகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவனும் கோபுரம் எழுப்பப் போதுமான கணிதம் அந்தக் கயிற்றில் இருந்தது. இங்கே பழகிய கைத்திறன் வேடிக்கை காட்டுவதோடு நின்றுவிடவில்லை. 2019 ஏப்ரலில் பாரிசின் நோத்ர தாம் பேராலயம் தீப்பற்றி எரிந்தபின், அதன் கூரையின் உத்தரங்களைக் கோடரியாலேயே செதுக்கி மீட்டெடுத்த தச்சர்களில் சிலர் கெதலோனில் வேலை கற்றவர்கள். நான் வந்து திரும்பிய இரண்டு மாதங்களில், டிசம்பரில், அப்பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டது.

கல்தச்சர் ஒருவர் தான் செதுக்கி முடித்த கல்லின் ஒரு முகத்தில் சிறு கோடுகளால் ஓர் அடையாளத்தை வெட்டிக்கொண்டிருந்தார். என்னவென்று மாமாவைக் கேட்கச் சொன்னேன். அது அவருடைய குறியாம். அக்காலத்தில் கல்தச்சர்களுக்கு எண்ணிக்கைக் கணக்கில் கூலி கொடுக்கும் வழக்கம் இருந்ததால், எந்தக் கல் யாருடையது என்று தெரிய ஆளுக்கொரு குறி இருந்திருக்கிறது. அரசனின் பெயர் வாசலில் இருக்கும், உழைத்தவனின் பெயர் எங்கும் இராது என்று வழக்கமாகப் பேசுவோம். இங்கே உழைத்தவனும் கூலிக்காகவேனும் ஒரு கோட்டை விட்டுச் சென்றிருக்கிறான் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல் மூன்று நாள்தான் நீடித்தது.

கெதலோனின் வரைபடத்துக்கும் நாங்கள் அடுத்துப் பார்க்கவிருந்த கோட்டைக்கும் ஒரு தொடர்பு உண்டு. நாற்கர வடிவம், மூலைகளில் உருண்டைக் கோபுரங்கள், அவற்றுள் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பருத்து உயர்ந்த முதன்மைக் கோபுரம், வாயிலின் இருபுறமும் இரட்டைக் கோபுரங்கள். இது இரண்டாம் பிலிப் மன்னரின் காலத்தில் உருவான பாணி. பிலிப் ஒகுஸ்த் என்று பிரெஞ்சுக்காரர்கள் பெருமையோடு குறிப்பிடும் அந்த மன்னர்தான் 1190ஆம் ஆண்டையொட்டிப் பாரிசில் லூவ்ர் கோட்டையை எழுப்பியவர். அதன் அடித்தளத்தை இன்றும் லூவ்ர் அருங்காட்சியகத்தின் நிலவறையில் காணலாம். கெதலோனின் கோட்டை அவருடைய பாணியை ஒட்டியது. நாங்கள் அடுத்துப் போனது அவர் முற்றுகையிட்டு வென்ற கோட்டைக்கு.

பாரிசிலிருந்து வடமேற்கே சுமார் நூறு கிலோமீட்டர் போனால் நார்மண்டியின் லேஸாந்தலி என்ற சிற்றூர் வருகிறது. ஓவியர் நிக்கோலா பூசான் 1594இல் பிறந்த பகுதி இது. சேன் நதி இங்கே ஒரு பெரிய வளைவு எடுக்கிறது. வளைவின் ஒரு கரையில் வெண்சுண்ணப் பாறைகள் செங்குத்தாக எழுகின்றன. அப்பாறையின் தலையில், ஏறத்தாழ நூறு மீட்டர் உயரத்தில், ஷாத்தோ கயார் நிற்கிறது. நிற்கிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. பாதி உடைந்த முதன்மைக் கோபுரமும், பற்கள் போன ஈறு போன்ற மதில்களும்தான் எஞ்சியிருக்கின்றன. கயார் என்றால் துடுக்கானது, திமிர் பிடித்தது என்று பொருள் கொள்ளலாம்.

இதைக் கட்டியவர் இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்ட். சிங்க இதயர் என்று கதைகளில் படித்த அதே ரிச்சர்ட். இங்கிலாந்தின் மன்னராகவும் நார்மண்டியின் கோமகனாகவும் இருந்த அவருக்கு, பாரிசிலிருந்து நதி வழியே வரக்கூடிய பிலிப்பின் படையை இந்த வளைவில் தடுக்கவேண்டியிருந்தது. 1196இல் தொடங்கி 1198இல் முடித்துவிட்டார். ஆண்டுக்கணக்கில் இழுக்கும் வேலை இரண்டே ஆண்டுகளில் முடிந்தது. செலவு ஏறத்தாழ 12,000 பவுண்டு, அக்காலத்துக்கு மலைக்க வைக்கும் தொகை. நிலமோ ரூவான் நகரப் பேராயருக்குச் சொந்தமானது. கேளாமலே எடுத்துக்கொண்டதால் பேராயர் நார்மண்டி முழுவதும் திருச்சபைச் சடங்குகளுக்குத் தடை விதித்தார். நகரத் தெருக்களில் பிணங்கள் அடக்கம் செய்யப்படாமல் கிடந்ததாக அக்கால வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். பிறகு 1197இல் தியெப் துறைமுகம் உள்ளிட்ட வேறு சொத்துகளைக் கொடுத்து ரிச்சர்ட் சமாதானம் செய்துகொண்டார். இக்கோட்டையின் கதை அடக்கம் செய்யப்படாத பிணங்களோடுதான் தொடங்குகிறது என்பதை அன்று மாலைதான் நினைத்துக்கொண்டேன்.

காலையில் எனக்கு வியப்பு மட்டுமே இருந்தது. பாறையின் மூன்று புறமும் சரிவு. பின்புறம் மேட்டுநிலத்தோடு இணையும் ஒரே ஒரு பக்கம்தான் எதிரிக்கு வழி. அந்தப் பக்கத்தை நோக்கி முக்கோண வடிவில் ஒரு வெளிக்கோட்டை. அதற்குப் பின் பாறையையே வெட்டிய அகழி. பிறகு நடுமுற்றம். அதற்கும் உள்ளே இன்னோர் அகழியும் உள்முற்றமும். உள்முற்றத்து மதில் நேர்ச்சுவராக இல்லை. அரைவட்டப் புடைப்புகள் அடுத்தடுத்து, நெளிநெளியாகச் சுற்றிவருகிறது. எறிகற்கள் எங்கே பட்டாலும் வளைவில் சறுக்கிவிடும், மதிலடியில் ஒளிந்துகொள்ள மறைவிடமும் இராது. வகுப்பில் நான் வட்டம் போட்டு விளக்கிய சொற்களெல்லாம் கல்லாகக் கண்முன் நின்றன. இது கிடங்கு, இது புறமதில், இது அகமதில் என்று மாமாவுக்குச் சொல்லிக்கொண்டே நடந்தேன். மதில் இரும்பாலானதாக இருந்தாலும் பிடிப்பேன் என்று பிலிப் சொன்னதாகவும், வெண்ணெயாலானதாக இருந்தாலும் காப்பேன் என்று ரிச்சர்ட் பதிலளித்ததாகவும் ஒரு கதை உண்டு. நம் காஞ்சித்திணை வஞ்சினப் பாட்டுகளுக்குச் சற்றும் குறையாத வீராப்பு.

ரிச்சர்டுக்குத் தன் சொல்லைக் காக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை. 1199 ஏப்ரலில், தெற்கே ஷாலூஸ் என்ற சிறு கோட்டையை முற்றுகையிட்டபோது தோளில் பட்ட அம்பின் புண் அழுகி இறந்துபோனார். அவருடைய தம்பி ஜான் அரசரானார். பிலிப் காத்திருந்து 1203இன் கோடையில் படையோடு வந்தார். ஜான் அனுப்பிய உதவிப்படையின் படகுகளும் தரைப்படையும் ஒரே நேரத்தில் வந்து சேராததால் தோற்றுத் திரும்பின. நதித்தீவில் இருந்த சிறு கோட்டை விழுந்தது. பாறையடியில் ரிச்சர்ட் உருவாக்கிய பெத்தி ஆந்தலி என்ற ஊரும் விழுந்தது. ஊர்மக்கள் உயிருக்கு அஞ்சி மலையேறிக் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். பிலிப் அவசரப்படவில்லை. கோட்டையைச் சுற்றி வளைத்து அகழி வெட்டி, மரக்கோபுரங்கள் நாட்டி, குளிர்காலம் முழுவதும் உட்கார்ந்திருக்க ஆயத்தமானார்.

உள்முற்றத்தின் விளிம்பில் ஒரு தாழ்ந்த சுவர்மேல் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். மாமா தாம் வாங்கிவந்த சிறுநூலைப் பிரித்து எனக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"புஷ் இனுத்தீல்னு போட்டிருக்கான். எப்படிச் சொல்றது... பயனில்லாத வாய்ங்க."

"வாயா?"

"ஆமா மச்சான். முற்றுகையில ஆளை எண்ணமாட்டான், வாயைத்தான் எண்ணுவான். எத்தனை மூட்டை மாவு, எத்தனை வாய், எத்தனை நாள். சண்டை போடுற வாய் பயனுள்ள வாய். மீதியெல்லாம் இது."

கோட்டைத் தலைவர் ரோஜர் த லேசி கணக்குப் பார்த்திருக்கிறார். காவற்படைக்கு மட்டும் என்றால் உணவு நெடுநாள் தாங்கும். ஊர்மக்களையும் சேர்த்தால் தாங்காது. எனவே மெலிந்தவர்களையும் முதியவர்களையும் முதலில் ஐந்நூறு பேராக வெளியேற்றினார். முற்றுகையிட்டவர்கள் வழிவிட்டார்கள். சில நாள் கழித்து மேலும் ஐந்நூறு பேர். அவர்களும் போனார்கள். செய்தி பிலிப்பின் காதுக்கு எட்டியது. இனி ஒருவரையும் விடக்கூடாது, உள்ளே வாய்கள் கூடக்கூடக் கோட்டை விரைவில் விழும் என்று அவர் கட்டளையிட்டார். அவருடைய கணக்கும் அதே கணக்குதான், எதிர்ப்பக்கத்திலிருந்து போட்டது. மூன்றாவதாக வெளியே தள்ளப்பட்ட பல நூறு பேர் முற்றுகைக் கோட்டை நெருங்கியதும் அம்புகள் பறந்தன. திரும்பி ஓடிவந்தபோது கோட்டைக் கதவு அடைத்திருந்தது.

அவர்கள் அந்தச் சரிவிலேயே குளிர்காலத்தைக் கழித்தார்கள். மேலே மதில், கீழே முற்றுகை அகழி. நடுவில் கூரையில்லாத பாறைச்சரிவு. என்ன கிடைத்தது தின்ன? புல்லும் பூண்டும். தீனி போட முடியாமல் கோட்டைக்குள்ளிருந்து விரட்டப்பட்ட நாய்கள். மதிலுக்கு மேலாகப் பறந்து வந்து விழுந்த ஒரு கோழியை இறகோடு தின்றார்களாம். அதைவிடக் கொடியவையும் அங்கே நடந்ததாக எழுதப்பட்டிருக்கிறது. இங்கே நான் அவற்றைச் சொல்லப்போவதில்லை. பலர் மாண்டபின் 1204 பிப்ரவரியில் பிலிப் நேரில் அங்கு வந்தபோது, எஞ்சியிருந்தவர்கள் அவரை நோக்கிக் கதறினார்கள். அவர் மனமிரங்கி, அவர்களை வெளியே விட்டு உணவு கொடுக்கச் சொன்னார். ஒருவன் கையில் ஒரு நாயின் தொடையைப் பிடித்திருந்தானாம். அதை எறியச் சொன்னதற்கு, முதலில் ரொட்டி வரட்டும் என்று விட மறுத்தானாம். உணவு கிடைத்தபின், பட்டினியில் சுருங்கிய குடல் தாங்காமல் பலர் உண்டவுடனே இறந்தார்கள்.

இவற்றையெல்லாம் எழுதிவைத்தவர் கியோம் ல பிரெத்தோன். பிலிப்பின் அரண்மனைக் குருவானவர், அவையின் புலவர். மன்னரின் வெற்றிகளை உரைநடை வரலாறாகவும், பிறகு லத்தீனில் நெடுங்காப்பியமாகவும் பாடியவர். பாட்டுடைத் தலைவனின் அருளைக் காட்டுவதற்காகத்தான் அவர் இந்தக் காட்சியைச் சேர்த்திருக்கிறார். வழியை அடைக்கச் சொன்னவரும் அதே தலைவன்தான் என்பது காப்பியத்தின் ஓட்டத்தில் அடங்கிப்போகிறது. ஆனாலும் அந்த நாய்த்தொடை அடங்க மறுக்கிறது. புகழ வந்த புலவன் தன்னையறியாமல் ஒரு சாட்சியாகிவிடும் இடம் அது.

எழுந்து சரிவின் விளிம்புக்குப் போய்ப் பார்த்தேன். புல் பசுமையாக இருந்தது. மேற்கு வெயிலில் சேன் நதி மின்னிக்கொண்டிருந்தது. சரக்குப் படகு ஒன்று வளைவில் மெதுவாகத் திரும்பியது. மதிலுக்கு உட்பக்கம் எல்லாவற்றுக்கும் பெயர் இருந்தது. இது முதன்மைக் கோபுரம், இது தேவாலயம் இருந்த இடம். வெளிக்கோட்டையின் முனைக் கோபுரத்தை அடியில் சுரங்கம் தோண்டிச் சாய்த்ததும், மதில் துளையொன்றின் வழியே சில வீரர்கள் ஏறி நடுமுற்றத்தைப் பிடித்ததும், 1204 மார்ச் 6ஆம் நாள் உள்முற்றம் விழுந்ததும் எல்லா நூல்களிலும் இருக்கின்றன. அந்த ஏற்றத்துக்கு வழி கழிப்பிடத் துவாரமா, தேவாலயத்தின் சாளரமா என்று அறிஞர்கள் வாதிட்டே வருகிறார்கள். சிறைப்பட்ட ரோஜர் த லேசி கௌரவமாக நடத்தப்பட்டார். அவருடைய மீட்புப் பணத்துக்கு மன்னர் ஜானே உதவினார். கெதலோனில் கண்ட கல்தச்சரின் குறி நினைவுக்கு வந்தது. கூலிக்கு உழைத்தவனுக்கும் கல்லில் ஒரு கோடு உண்டு. இந்தச் சரிவில் இருந்தவர்களுக்கு எதுவும் இல்லை. அவர்கள் எதையும் கட்டவில்லை, எதையும் காக்கவில்லை. வெறும் வாய்கள்.

அங்கே நின்றபோதுதான் பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வகுப்பு நினைவுக்கு வந்தது.

2009ஆம் ஆண்டு ஜூலை மாதம். உழிஞையும் நொச்சியும் நடத்திக்கொண்டிருந்தேன். முற்றுவதையும் காப்பதையும் தொல்காப்பியம் உழிஞை என்ற ஒரே திணைக்குள் வைக்கிறது, புறப்பொருள் வெண்பாமாலை காப்போருக்கு நொச்சி என்று தனித்திணை வகுக்கிறது, இந்த வேறுபாட்டை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி முடித்தேன். மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அதிகம் பேசாதவள்.

"ஐயா, அரசரும் வீரரும் உள்ள இருக்கினம். வெளியிலயும் அரசரும் வீரரும்தான். மற்றச் சனமெல்லாம் எங்க நிண்டது?"

நான் சற்று யோசித்துவிட்டு, "அது இந்தத் துறைகள்ல வராதும்மா. தேர்வுக்கு இது போதும், உட்கார்" என்றேன். வகுப்பு மெல்லச் சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். 'ஐயா' என்ற விளியும், 'சனம்' என்ற சொல்லும், 'நிண்டது' என்ற வினையும் காதில் விழுந்தும் எனக்கு உறைக்கவில்லை. சில வாரங்கள் கழித்து உதவித்தொகை விண்ணப்பங்களில் கையெழுத்திடும்போதுதான் அவளுடைய முகவரி ஓர் அகதிகள் முகாம் என்று தெரிந்தது. அவ்வாண்டு மே மாதம்தான் முல்லைத்தீவில் போர் முடிந்திருந்தது. கடலோரத்து ஒடுங்கிய நிலத்துண்டு ஒன்றில், போரிட்ட இரு தரப்புக்கும் நடுவே சிக்கியவர்களைப் பற்றிய செய்திகளை அந்த மாதங்களில் நாள்தோறும் காலையில் நாளிதழில் படித்தவன் நான். படித்துவிட்டு வகுப்புக்குப் போய், நொச்சியின் துறைகளை எண்ணிச் சொன்னவனும் நான்தான். அவளிடம் அதுபற்றி நான் பேசவே இல்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கம் என்பதே சரியான சொல்.

அவள் கேட்ட கேள்விக்கு விடை என் பாடத்திட்டத்திலேயே இருந்தது என்பதுதான் இன்னும் கூசுகிறது. புறநானூற்றின் நாற்பத்து நான்காம் பாட்டு. ஆவூர்க் கோட்டைக்குள் நெடுங்கிள்ளி கதவை அடைத்துக்கொண்டு இருக்கிறான், வெளியே நலங்கிள்ளி முற்றியிருக்கிறான். கோவூர்கிழார் உள்ளே இருக்கும் அரசனிடம் பேசுகிறார். கவளம் இன்றி யானைகள் வருந்துவதையும், பாலின்றிக் குழந்தைகள் அழுவதையும், பெண்கள் பூவின்றிக் கூந்தல் முடிவதையும் சொல்லி, அறத்தை நினைத்தால் கோட்டையைக் கொடுத்துக் கதவைத் திற, மறத்தை நினைத்தால் போரிடக் கதவைத் திற, இரண்டும் இல்லாமல் அடைத்துக்கொண்டு இருப்பது நாணத்தக்கது என்கிறார். இதை நான் எத்தனை முறை நடத்தியிருக்கிறேன்! ஒவ்வொரு முறையும் புலவரின் துணிவுக்குச் சான்று என்று மட்டுமே நடத்தியிருக்கிறேன். பாலுக்கு அழுத குழந்தைகள் புலவரின் வாதத்துக்கு வந்த எடுத்துக்காட்டு என்று கடந்து போயிருக்கிறேன். கோவூர்கிழார் வாய்களை எண்ணவில்லை. அந்த வாய்கள் அழுவதைச் சொன்னார். கியோமும் அவரும் அரசவையில் பாடியவர்களே. ஒருவர் எல்லாம் முடிந்தபின் அரசனின் இரக்கத்துக்கு அணியாக அந்தத் துன்பத்தைப் பாடினார். மற்றவர் கதவு அடைத்திருக்கும்போதே அதன்முன் நின்று சொன்னார்.

கீழே இறங்கும்போது மாமாவிடம் இதைச் சொன்னேன். அவர் சிறிது தூரம் பேசாமல் நடந்தார். பிறகு, இது இந்த ஒரு மலையில் மட்டும் நடந்ததில்லை என்றார். உண்மைதான். கிறித்து பிறப்பதற்கு 52 ஆண்டுகளுக்கு முன் அலேசியாவில் கால் இனத்தவர் தம் கோட்டையிலிருந்து அவ்வூர்க் குடும்பங்களை வெளியேற்றியதையும், தான் அவர்களை ஏற்க மறுத்ததையும் சீசரே தன் நூலில் பதிந்திருக்கிறார். 1418இன் குளிர்காலத்தில், இதே சேன் நதிக்கரையில் உள்ள ரூவான் நகரின் அகழிகளில், இங்கிலாந்தின் ஐந்தாம் ஹென்றி வழிவிடாததால் ஆயிரக்கணக்கான ஏழைகள் மடிந்தார்கள். 1945இல் மேடையேறிய சிமோன் த பொவ்வாரின் ஒரே நாடகத்தின் தலைப்பும் 'பயனற்ற வாய்கள்' என்பதே. கதை நடப்பது ஃபிளாண்டர்சில் ஒரு கற்பனை நகரத்தில். முற்றுகையில் பெண்களையும் முதியோரையும் குழந்தைகளையும் வெளியேற்ற நகர்மன்றம் முடிவெடுக்கிறது. கடைசியில் அந்த முடிவைக் கைவிட்டு, எல்லாரும் ஒன்றாகக் கதவைத் திறந்துகொண்டு வெளியேறத் துணிகிறார்கள். பொவ்வார் புறநானூற்றை அறிந்திருக்க வாய்ப்பில்லை. இருந்தும் அவருடைய நகரமும் கோவூர்கிழாரும் ஒரே கதவின் முன் வந்து நிற்கிறார்கள்.

வீழ்ந்தபின்னும் ஷாத்தோ கயார் நெடுங்காலம் பயன்பட்டது. 1314இல் பர்கண்டியின் மார்கரித் என்ற இளவரசியை இங்கே சிறைவைத்தார்கள். அவர் மறு ஆண்டு இங்கேயே இறந்தார். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் நான்காம் ஹென்றி இதை இடிக்கச் சொன்னபின், பக்கத்து மடங்களின் துறவிகள் கட்டடப் பணிக்குக் கற்களைப் பெயர்த்துச் சென்றார்கள். அதை வாசித்தபோது எனக்கு வருத்தம் தோன்றவில்லை. அந்தக் கற்கள் கூரை தாங்கப் போயிருக்கின்றன.

மாலை பெத்தி ஆந்தலியில், நதிக்கரைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தியிருந்தோம். மாமா தெருமுனைக் கடையில் நீளமான ரொட்டி ஒன்று வாங்கிவந்தார். வண்டியிலேயே காத்திருந்த அக்கா அதை உடைத்து முதல் துண்டை என்னிடம் நீட்டினாள். இன்னும் சூடு இருந்தது. "என்னடா, பசிக்கலையா?" என்றாள். பசித்தது. ஆனால் உடனே வாயில் வைக்க முடியவில்லை.

ஊர் திரும்பியபின் அடுத்து வந்த வகுப்பில் உழிஞை நடத்தினேன். வழக்கம்போல மதில், எயில், ஞாயில் என்று எழுதி, துறைகளை எண்ணிச் சொல்லி முடித்தேன். பிறகு சுண்ணக்கட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, அந்தப் பெண் கேட்டதை அவள் கேட்ட சொற்களிலேயே வகுப்பிடம் கேட்டேன். "மற்றச் சனமெல்லாம் எங்க நிண்டது?"

யாரும் சிரிக்கவில்லை. சற்று நேரம் மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்டது. பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் தயங்கித் தயங்கி, "ஆவூர்ப் பாட்டுல வருதே சார், பாலில்லாம குழந்தைங்க அழுமே, அவங்களா?" என்றான்.

அன்று மிச்சமிருந்த நேரம் முழுவதும் அந்தப் பாட்டைத்தான் நடத்தினேன்.